பாட்டுக்கு அடியில் ஒரு குரல்

அரிமளத்தில் அரவிந்த்குமார் தன் ஸ்டூடியோவின் ஷட்டரைத் தூக்கும்போதே வனிதா வாசலில் நின்றாள். வல்லத்திராக்கோட்டையிலிருந்து வந்திருந்தாள்.

"தம்பி, காதுகுத்து வீடியோ ஓடமாட்டேங்குது. ஆத்தா நேத்துலேர்ந்து சோறு திங்கல."

வனிதா மகளின் காதுகுத்துக்கு அவள் அண்ணன் சந்தோஷ்குமார் தாய்மாமன் சீர் கொண்டுவந்ததை அரவிந்த்குமார்தான் தன் சேனலில் நேரலையாகக் காட்டினான். பேண்டு செட் சினிமாப் பாட்டு வாசிக்க, சீர்த்தட்டுகளோடு ஊர்வலம். நடுவில் சந்தோஷ்குமார் திரும்பிக் கத்துவான்: "வனிதா, ஆத்தாளுக்கு ஒரு நாக்காலி போடு. நின்னுக்கிட்டே இருக்கு பாரு."

தை மாதம் லாரி மோதி அவன் இறந்துபோனான். குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. அவர்களுடைய தாய் சொர்ணம் தினமும் போனில் அந்த இடத்தைத்தான் கேட்பாள்.

வனிதா வீட்டில் பென் டிரைவில் வீடியோ ஆல்பம் இருந்தது. ஆனால் ஆல்பம் என்றால் கூட்டத்தின் சத்தத்தை எடுத்துவிட்டு மேலே பாட்டை ஏற்றுவதுதான் வழக்கம். கேமரா கார்டையும் அடுத்த கல்யாணத்துக்காக அழித்தாகிவிட்டது.

அரவிந்த்குமார் கம்ப்யூட்டரைத் திறந்தான். பாட்டு தங்களுடையது என்று ஏதோ ஒரு நிறுவனம் உரிமை கோரி வீடியோவை முடக்கியிருந்தது.

"பாட்டு வர்ற எடத்த மட்டும் ஊமையாக்கிட்டா வீடியோ வந்துரும்க்கா."

"அங்கதானே எங்கண்ணன் பேசுது?"

மறுத்துப் பதில் போடவும் வழி இருந்தது. காரணங்களில் 'உரியவரின் அனுமதி உள்ளது' என்ற வரி அவனுக்குப் பிடித்துப்போயிற்று.

"வாசிச்சது நம்ம அருள்தாஸண்ணன் செட்டு. அவருகிட்ட கேட்டுட்டாப் போச்சு."

போனில் அருள்தாஸ் சிரித்தார். "ஊதுனது என் பயலுக. தாராளமாப் போடுய்யா. அந்தக் கம்பெனிக்காரன ஒரு நாளு டிரம்மத் தூக்கிக்கிட்டு நம்மூரு வெயில்ல நடக்கச் சொல்லு, அப்பறம் உரிமை பேசலாம்."

சந்தோஷ்குமார் இறந்தபிறகு வனிதா சிரித்தது அன்றுதான். வாசித்தவரிடம் அனுமதி வாங்கிவிட்டதாக எழுதி, அருள்தாஸின் போன் நம்பரையும் சேர்த்து அனுப்பினார்கள்.

மாதம் முடிவதற்குள் அரவிந்த்குமார் வல்லத்திராக்கோட்டைக்கே வந்துவிட்டான். வண்டியை விட்டு இறங்காமல் பேசினான்.

"வாசிச்சவரு அனுமதி செல்லாதாம்க்கா, பாட்டுக்குச் சொந்தக்காரங்க குடுக்கணுமாம். வீடியோவையே தூக்கிட்டானுங்க."

"ஒங்கிட்ட இருக்கும்ல?"

"நீங்க வந்த மொத நாளே கம்ப்யூட்டர்ல எறக்கி வச்சிருக்கலாம். அதுக்கு பட்டன் இருந்துச்சு. பதில் போட்டா வந்துரப்போவுதுன்னு நெனச்சேன். இப்ப அந்த பட்டனும் இல்ல."

அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

வனிதா உள்ளே போய் பென் டிரைவை டிவியில் செருகினாள். சந்தோஷ்குமார் தட்டோடு வந்தான், திரும்பினான், வாயைத் திறந்தான். அவன் வாய்க்கு மேல் அதே பாட்டு, தியேட்டரில் கேட்பதுபோலத் துல்லியமாக ஓடியது. சத்தத்தைக் குறைத்தாள். பாட்டுதான் குறைந்தது.

"என்னடி சொல்றான்?" என்றாள் சொர்ணம்.

"வனிதா, ஆத்தாளுக்கு ஒரு நாக்காலி போடுங்குது."

"அப்புடிச் சொல்லமாட்டான். 'நின்னுக்கிட்டே இருக்கு பாரு'ன்னுதான் மொதல்ல வரும்."

"இல்ல ஆத்தா, நாக்காலிதான் மொதல்ல."

"நான் தெனமும் கேட்டவ. எனக்குத் தெரியாதா?"

வனிதா மறுபடி ஓட்டினாள். அவன் உதடுகளையே பார்த்தாள். எது முதலில் வந்தது என்று இப்போது அவளுக்கும் உறுதியாகத் தெரியவில்லை.