திருப்பதியில் தோற்பது எப்படி

சித்தூர் யுனைடெட் கால்பந்து அணி திருப்பதிக்குப் போய் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. ஏன் என்று கேட்டால் சித்தூரில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நடுவர் சரியில்லை, மைதானம் மேடு பள்ளம், திருப்பதிக்காரன் பந்தில் காற்றைக் குறைத்துவிடுகிறான். அணியின் மேனேஜர் உமாபதிக்கு உண்மைக் காரணம் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம், அதை வாய்விட்டுச் சொன்னால் ஊரில் குடியிருக்க முடியாது.

காரணம் இதுதான். ஆட்டத்துக்கு முந்தின நாள் அணி மொத்தமும், ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, அடிவாரத்து அலிபிரியிலிருந்து மலைமேல் நடந்தே ஏறும். மூவாயிரத்துச் சொச்சம் படி. வேண்டுதல் ஏழுமலையானுக்குப் போய்ச் சேரும், வலி கெண்டைக்காலுக்குப் போய்ச் சேரும். மறுநாள் மைதானத்தில் பந்து வலது பக்கம் போனால் இவர்கள் மனசும் கூடவே போகும். கால் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு வரும்.

இந்த வழக்கம் புரொஃபஷனல் லீக் வருவதற்கு முன்பே வந்துவிட்டது. அப்போது சித்தூர் மாங்கூழ் ஃபேக்டரி ஆட்களும் திருப்பதி லாட்ஜ் ஆட்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடிக்கொண்டிருந்தார்கள். முதல் வருடம் சித்தூர் ஆட்கள் மலையேறிவிட்டு ஆடி, ஒரே ஒரு கோலில் தோற்றார்கள். ஆறு கோல் வாங்குவோம் என்று பயந்துபோனவர்கள் ஆகையால், சாமி காப்பாற்றினார் என்று திரும்பினார்கள். அடுத்த வருடம் தோற்றபோது, இரண்டு பேர் பஸ்ஸில் மலைக்குப் போனதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அதற்கு அடுத்த வருடத்திலிருந்து எல்லாரும் நடை. பிறகு லீக் வந்தது, சம்பளம் வந்தது, ஜெர்சி முதுகில் பேர் வந்தது. அரசாங்கம் ஜில்லாவையே இரண்டாகப் பிரித்து, புத்தூர்க்காரர்களை ஒரே நாளில் திருப்பதிப் பக்கம் தள்ளிவிட்டது. படியேறுவது மட்டும் நிற்கவில்லை. நாகாலாந்திலிருந்து வந்த டிஃபெண்டர் ஒருவன், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன், தரிசனத்துக்குப் போகாமல் படி மட்டும் ஏறி இறங்கினான். கேட்டதற்கு டீம் ஸ்பிரிட் என்றான்.

திருப்பதி சிட்டி அணியின் மேனேஜர் சுரேஷ்பாபு இந்த விஷயத்தில் ரொம்ப நல்ல மனுஷர். ஆட்டத்துக்குப் பத்து நாள் முன்பே போன் பண்ணிவிடுவார். "அண்ணா, எத்தினி பேர் வர்றீங்க? தரிசன டிக்கெட்டுக்கு லெட்டர் வாங்கிக்கினு இருக்கேன்" என்பார். அது பக்தியா, தந்திரமா என்று உமாபதி இத்தனை வருடம் யோசித்தும் பிடிபடவில்லை. சுரேஷ்பாபுவின் குரலில் அப்படி ஒரு குழைவு. உமாபதியால் ரொம்பவும் குறை சொல்ல முடியாது. திருப்பதி அணி சித்தூர் வரும்போது மதியச் சாப்பாடு போடுகிறவர் இவர்தான். சங்கட்டி என்கிற ராகிக் களி, நாட்டுக்கோழிக் குழம்பு, மேலே இரண்டு டம்ளர் மாம்பழ ரசம். அதைச் சாப்பிட்டுவிட்டு எந்தத் திருப்பதிக்காரனும் சித்தூரில் ஜெயித்ததில்லை, பாதிப் பேர் நின்றபடியே தூங்கியிருக்கிறார்கள்.

இந்த வருடம் முதலாளி ஹரிபாபு கூப்பிட்டு அனுப்பினார். மாங்கூழ் ஃபேக்டரிக்குச் சொந்தக்காரர், கிளப்புக்கும் சொந்தக்காரர். அவர் அறையில் ஏ.சி. காற்றிலும் மாம்பழ வாசனை.

"ஏமய்யா உமாபதி, ஊர்ல மத்த மொதலாளிங்கல்லாம் கிரிக்கெட்டுக்குப் போய்ட்டாங்க. நான் உங்க கூடத் தோத்துக்கினு இருக்கேன். இந்த வாட்டி திருப்பதில தோத்துட்டு வந்தீன்னா, கேட்ல இருக்கற கிளப் போர்டை நீயே கழட்டி எடுத்துக்கினு வூட்டுக்குப் போ."

"சார், அது வந்து, பசங்க மொத நாளு மலையேறிட்டு..."

ஹரிபாபு கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். "சாமி கும்பிட்டா தோப்பாங்கன்றியா? வெளில சொல்லாதே. உதைப்பாங்க. நானே உதைப்பேன்."

உமாபதி அந்த போர்டை மாட்டிய நாளில் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர். அவருக்கு அந்த கிளப்பைத் தவிர வேறு வேலை தெரியாது. வேறு வேலையில் அவருக்கு விருப்பமும் இல்லை. வீட்டுக்கு வந்து மனைவி ருக்மணியிடம் சொன்னார். "எங்க அண்ணனோட கல்யாண மண்டபம் நகரி ஊர்ல சும்மாதான் கீது. பசங்கள அங்க கொண்டாந்து அடைச்சி வையி. அந்த மலை கிட்ட இருந்தாத்தானே ஏறுவானுங்க" என்றாள் ருக்மணி. இருபது வருடத்தில் கிளப்புக்குக் கிடைத்த ஒரே உருப்படியான யோசனை அது.

ஆட்டத்துக்கு முந்தின நாள் உமாபதி அணியை நகரிக்குக் கொண்டுபோனார். கேப்டன் திலீப் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சுற்றிலும் பார்த்தான். புத்தூர்ப் பையன். முன்வரிசையில் ஆடுகிறவன், போன ஊரிலெல்லாம் கோல் போட்டிருக்கிறான், திருப்பதியைத் தவிர.

"இன்னாண்ணா, இங்க இன்னா கீது?"

"அமைதி" என்றார் உமாபதி. சொல்லி வாய் மூடுவதற்குள் பக்கத்துச் சந்தில் விசைத்தறிகள் ஓட ஆரம்பித்தன. மண்டபத்துச் சுவரே தடதடவென்று ஆடியது.

"அப்ப மலைக்கு எப்பண்ணா?"

"இந்த வருசம் இல்ல."

பஸ்ஸிலிருந்து கிட்பேக்கை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். கோல்கீப்பர் வேதாச்சலம் மட்டும் தாழ்ந்த குரலில், "மேனேஜருக்கு ஒடம்பு சரியில்லயா?" என்று திலீப்பைக் கேட்டான்.

உமாபதி எவ்வளவோ எடுத்துச் சொன்னார். காலுக்கு ஓய்வு வேண்டும் என்றார். சாமி எங்கேயும் இருக்கிறார் என்றார். அப்படியானால் திருப்பதிக்காரனிடமும் இருப்பாரே, அவருக்கு நாம் இருப்பதை யார் சொல்வது என்று வேதாச்சலம் கேட்டான். சமையலுக்குக் கூட வந்திருந்த ருக்மணி, "சோறு ஆறிப்போவுது, துன்னுட்டு சண்டை போடுங்க" என்றதால் பேச்சு நின்றது. ராத்திரி தப்பி ஓடுவார்கள் என்று பயந்து உமாபதி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். யாரும் ஓடவில்லை. எல்லாரும் நன்றாகத் தூங்கினார்கள். காலையில் ஒவ்வொருத்தனும் கன்றுக்குட்டி மாதிரி துள்ளுவதைப் பார்த்தபோது உமாபதிக்குக் கண் கலங்கியது. தும்மல் வந்த மாதிரி துண்டால் துடைத்துக்கொண்டார்.

பஸ் புத்தூர் தாண்டியது. வடமாலபேட்டை தாண்டியதும் திரைகளை எல்லாம் இழுத்துவிடச் சொன்னார். ஆனால் டிரைவருக்கு முன்னால் இருக்கிற கண்ணாடிக்குத் திரை போட முடியாதே. அதன் வழியே ஏழு மலையும் நீலமாக, நிதானமாக வந்து நின்றன. உமாபதி திரும்பிப் பார்த்தால் இருபது பேரும் கைகூப்பி உட்கார்ந்திருந்தார்கள். ஏதோ தப்புப் பண்ணிவிட்டு ஹெட்மாஸ்டர் அறை வாசலில் நிற்கிற முகங்கள்.

மைதானத்தில் மலை, வடக்கு கோல்போஸ்டுக்குப் பின்னாலேயே இருந்தது. யார் கட்டினானோ, வேறு பக்கம் திருப்பிக் கட்டியிருக்கக் கூடாதா என்று உமாபதி மனசுக்குள் திட்டினார். முதல் பாதியில் சித்தூர் அந்தப் பக்கமாகத்தான் கோல் போட வேண்டும். பந்தோடு ஓடுகிறவன் தலையை நிமிர்த்தினால் மலை. திலீப் இரண்டு பேரை ஏமாற்றிவிட்டு உள்ளே புகுந்தான், எதிரே கோல்கீப்பரைத் தவிர யாருமில்லை, நிமிர்ந்தான். பந்து போய் பலூன் விற்கிறவன் வண்டியில் விழுந்தது. இந்தப் பக்கம் வேதாச்சலம், பந்து தொலைவில் இருக்கும்போதெல்லாம் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு தடவை இரண்டு கையும் கன்னத்தில் இருக்கும்போது பந்து வந்துவிட்டது. இன்னொரு தடவை, அப்படிப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று கைகளைக் கட்டுப்படுத்திக்கொண்டிருந்தபோது வந்தது.

ஹாஃப் டைமில் இரண்டுக்குப் பூஜ்யம், திருப்பதி முன்னால். உமாபதி டிரெஸ்ஸிங் ரூமுக்குள் வந்து கதவைச் சாத்தினார். கத்த வேண்டும் என்றுதான் வந்தார். பையன்கள் காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இன்னாடா, கால் வலிக்குதா?"

"வலிக்கலண்ணா" என்றான் திலீப். "கால் நல்லாகீது. அதான் பயமாகீது."

"கால் நல்லா இருந்தா இன்னாடா பயம்?"

"ஒவ்வொரு வருசமும் இந்நேரத்துக்கு ஒக்கார முடியாதுண்ணா. அப்டி வலிக்கும். வலிச்சா, சரி, சாமி கிட்ட போய் வந்துருக்கோம்னு ஒரு தெம்பு. இன்னிக்கி ஒண்ணுமே இல்ல. அவரு நம்மள கை உட்டுட்டாருண்ணா."

உமாபதி சுவரில் சாய்ந்தார். வலித்தால் ஓட முடியவில்லை, வலிக்காவிட்டால் ஓடத் தைரியமில்லை. இப்படி ஒரு கூட்டத்தை வைத்துக்கொண்டு இருபது வருடம் குப்பை கொட்டியிருக்கிறோமே என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது. கேட்டில் தொங்குகிற போர்டு கண்முன் வந்தது. ஏணியும் வந்தது.

"சரி. நான் ஏர்றேன்" என்றார்.

"எங்க?"

"மலைக்குத்தான். உங்க அத்தினி பேருக்கும் சேத்து நானே ஏர்றேன். நடந்து."

யாரும் நம்பவில்லை. "நீயா? லிஃப்ட் இல்லன்னா ஃபர்ஸ்ட் ஃப்ளோருக்கே வரமாட்டியேண்ணா" என்றான் வேதாச்சலம். "உன் முட்டிக்குப் புத்தூர் கட்டு போட்டு இன்னும் ஒரு வருசம் ஆவல."

"ஏர்றேன்னு சொல்றன் இல்ல."

"தோத்தாலும் ஏறுவியா?" இது திலீப்.

அந்த இடத்தில் பேசாமல் தலையாட்டியிருக்க வேண்டும். ஆனால் பஸ் ஓனர்களிடமும் சமையல்காரர்களிடமும் காலமெல்லாம் பேரம் பேசிய நாக்கு. அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது: "ஜெயிச்சா முழுசா. டிரா ஆனா பாதி. தோத்தா கெடையாது."

அறையில் ஒரு யோசனை ஓடியது. "பாதின்னா காலிகோபுரம் வரைக்கும்" என்று ஒருவன் கணக்குச் சொன்னான். சாமியிடம் இப்படிப் பேசலாமா என்று இன்னொருவன் கேட்டான். கடைசியில் வேதாச்சலம் எழுந்து, "எங்க கிட்ட சொன்னா செல்லாது. வெளில வந்து மலையப் பாத்துச் சொல்லு" என்றான். அப்படியே இழுத்துக்கொண்டு போனார்கள். ஐந்தாயிரம் பேர் உட்கார்ந்திருக்கிற மைதானத்தின் ஓரத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு, மலையைப் பார்த்து, முழுசு, பாதி, கிடையாது என்று மூன்று ஷரத்தையும் உமாபதி உரக்கச் சொன்னார். அவர் முகத்தில் பக்தி இல்லை, பல்வலிக்காரன் முகம்.

பிறகு நடந்ததைச் சித்தூரில் இன்றைக்கும் டீக்கடையில் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள். இரண்டாம் பாதியில் மலை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. பாரம் மேனேஜர் தலைக்குப் போய்விட்டது. பையன்கள் ஓடினார்கள். கார்னரிலிருந்து வந்த பந்தை நாகாலாந்துக்காரன் தலையால் முட்டி உள்ளே தள்ளினான். சற்று நேரத்தில் திலீப் பெனால்டி எல்லைக்கு வெளியிலிருந்தே ஒன்று அடித்தான், திருப்பதி கோல்கீப்பர் பந்தைப் பார்த்தது வலைக்குள்தான். இரண்டுக்கு இரண்டு. திருப்பதிக் கூட்டம் நாற்காலிமேல் ஏறி நின்றது. கடைசி நிமிஷத்தில் திலீப் மறுபடி தனியாகப் போனான். அடித்தான். பந்து கோல்கீப்பரைத் தாண்டி உருண்டு, உருண்டு, கம்பத்தில் பட்டுத் திரும்பியது. உமாபதியின் மனசு ஐயோ என்றது. முழங்கால் அப்பாடா என்றது. அப்புறம் ரொம்ப நேரம் அவர் தன் முழங்காலை மன்னிக்கவில்லை.

விசில் ஊதியதும் ஹரிபாபுவிடமிருந்து போன்.

"தோத்தியா?"

"இல்ல சார்."

"ஜெயிச்சியா?"

"இல்ல சார்."

"தோத்தா போர்டைக் கழட்டுன்னேன். இதுக்கு நான் ஒண்ணும் சொல்லலயே. ஒரு காரியத்தையாவது ஒழுங்கா பண்ண மாட்டியாய்யா நீ?"

"அடுத்த வருசம் பாத்துக்கலாம் சார்."

"அடுத்த வருசமா?" என்று ஹரிபாபு சலித்துக்கொண்டார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. போனை வைத்த பிறகுதான் உமாபதி அதைக் கவனித்தார்.

சுரேஷ்பாபு கைகுலுக்க வந்தார். "அண்ணா, மலைக்கே வராம ஆட வந்துட்டீங்களேன்னு மனசு கஷ்டமாப் போச்சு. நீங்க ஒருத்தராச்சும் போறீங்களாமே, சந்தோசம்" என்றார். அதே குழைவு. உமாபதி அவர் கண்ணையே பார்த்தார். இப்போதும் ஒன்றும் பிடிபடவில்லை.

மறுநாள் காலையில் அலிபிரியில் முதல் படியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏற ஆரம்பித்தார். கூட ருக்மணி வந்தாள். பையன்கள் கோவிந்தா சொல்லி வழியனுப்பிவிட்டு தோசை தின்னப் போனார்கள். நூறு படிக்குள் உமாபதிக்கு வியர்த்துவிட்டது. ஒவ்வொரு படிக்கும் குனிந்து மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துக்கொண்டே வந்த ஒரு அம்மாள் அவரைத் தாண்டிப் போனாள். முதுகில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருவன் தாண்டினான். அந்தப் பிள்ளை திரும்பி இவரைப் பார்த்துச் சிரித்தது.

"மெதுவா வாய்யா" என்றாள் ருக்மணி.

"இதுக்கு மேல மெதுவான்னா ஒக்காரணும்."

வெயில் ஏறி, இடுப்பு பிடித்து, ஒரு வழியாகக் காலிகோபுரம் வந்தது. உமாபதி தூணில் சாய்ந்து கால் நீட்டினார். கெண்டைச் சதை இரண்டும் தனியாகத் துடித்தன. இத்தனை வருடம் பையன்களைத் திட்டிய திட்டெல்லாம் ஞாபகம் வந்தது. இந்தக் காலை வைத்துக்கொண்டு மறுநாள் தொண்ணூறு நிமிஷம் ஆடியிருக்கிறார்கள். சில வருடம் ஒரே கோலில்தான் தோற்றிருக்கிறார்கள். சனியன் பிடித்த பயல்கள் என்று நினைத்துக்கொண்டார். நினைப்பில் கோபமே இல்லை.

"அவ்ளோதான். முடிஞ்சுது" என்றார். "டிராவுக்குப் பாதி. பேச்சு அதான்."

"பாதி வழில சாமியப் பாக்காம திரும்பிப் போனவங்க யாரு கீறாங்க, சொல்லு?" என்று ருக்மணி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "சரி, உன் இஷ்டம். நீ எறங்கறேன்னாலும் சரி, ஏர்றேன்னாலும் சரி."

உமாபதி தண்ணீரைக் குடித்தார். மேலே போகிற படிகளைப் பார்த்தார். அடுத்த வருடம் கிளப் இருக்கும். திருப்பதி ஆட்டமும் இருக்கும். மறுபடி நகரி, மண்டபம், வாசலில் நாற்காலி, பஸ்ஸில் திரை. திலீப் வந்து மலைக்கு எப்போது என்று கேட்பான். அப்போது சொல்வதற்குக் கையில் ஏதாவது வேண்டுமே.

தூணைப் பிடித்து எழுந்தார். முனகல் ஒன்று தானாக வந்தது.

"இன்னாய்யா, ஏர்றியா?"

"மிச்சப் பாதி அட்வான்ஸு. அடுத்த வருசத்துக்கு."

"ஜெயிக்கறதுக்கா?"

"ஜெயிக்கறத அவனுங்க பாத்துப்பானுங்க" என்றார் உமாபதி, அடுத்த படியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டே. "அவனுங்க ஒருத்தனும் ஏறாம இருக்கணும். அதுக்கு."