திருத்தியவர் தம்பிஐயா

இணுவில் தம்பிஐயா மாஸ்டர் தன்னுடைய பெயரைக் கம்பியூட்டர் திரையில் கண்ட நாளிலிருந்து நடை மாறிப்போன மனுசன். எண்பத்தாறாம் ஆண்டு அது. யாழ்ப்பாண ரவுணில் அவர் பின்னேரங்களில் கணக்குப் படிப்பித்த ரியூட்டரியில் ஒரு கம்பியூட்டர் வந்து இறங்கியிருந்தது. கொழும்பில் சிமியோன் என்றொரு எஞ்சினியர் சாதகம் கணிக்கிற புறோகிராம் ஒன்றை எழுதி, பிளொப்பியில் இனாமாக ஊருக்கு விட்டிருந்தார். வேதக்காரர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சேர்ச்சுக்குப் போகிறவர். சாதகத்தில் நம்பிக்கையில்லை, கணக்கில்தான் ஆசை. ஆரும் பாவிக்கலாம், ஆரும் உள்ளே திறந்து திருத்தலாம். திருத்தினால் பெயரைப் போட்டு மற்றவர்களுக்கும் கொடுக்கவேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

மாஸ்டர் திருத்தினார். இரண்டாம் உலக யுத்தத்தின்போது இலங்கையில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் பிறந்தவர்களுக்கு அதைக் கழித்துத்தான் லக்கினம் பார்க்கவேண்டும். சிமியோன் அதை விட்டுவிட்டார். மாஸ்டர் சேர்த்தார், 'திருத்தியவர் தம்பிஐயா' என்று இங்கிலீசில் போட்டார், கேட்டவர் கேளாதவர் எல்லாருக்கும் பிளொப்பி கொடுத்தார். சலூன், சங்கக்கடை, கோயில் வீதி... அவர் அந்தப் புதினத்தைச் சொல்லாமல் விட்ட இடம் சுடலை ஒன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்சாதி குணலட்சுமியின் சாதகத்தையும் போட்டு எடுத்து வந்து, பெருமையாக நீட்டினார். அவ வாசித்துப்போட்டு நிமிர்ந்தா.

"இஞ்சேருங்கோ, எனக்குச் செவ்வாய் குற்றமாம். நாலாம் வீட்டிலை இருக்காம்."

"உனக்கோ? மூண்டிலையெல்லோ இருந்தது?"

"உங்கடை கம்பியூட்டர்தான் சொல்லுது. என்னைக் கட்டின ஆள் எப்பவோ போய்ச் சேர்ந்திருக்க வேணும். நீங்கள் என்னெண்டால் மூண்டு நேரமும் புட்டுத் திண்டுகொண்டு இருக்கிறியள். செவ்வாய் என்ன நித்திரையோ?"

மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கே கழிக்கத் தொடங்கவேண்டும் என்று எழுதினவர், எங்கே நிறுத்தவேண்டும் என்று எழுதவில்லை. யுத்தம் முடிந்து பிறந்த அத்தனை பேருக்கும் அவர் கையால் ஒரு மணித்தியாலம் களவு போயிருந்தது. குணலட்சுமிக்கு அதில் லக்கினம் ஒரு வீடு பின்னுக்குப் போய், மூன்றில் இருந்த செவ்வாய் நாலுக்கு வந்துவிட்டது.

உடனே ஞாபகத்துக்கு வந்தது பஞ்சலிங்கத்தாரின் மகள் அருந்ததி. அடுத்த ஒழுங்கைப் பிள்ளை. போன மாதம் கொக்குவில் கதிரவேலர் வீட்டுச் சம்பந்தம் பொருந்தி வந்தபோது, மாப்பிள்ளையின் தாய் ஞானாம்பிகை, "கம்பியூட்டரிலையும் ஒருக்கால் பாப்பம்" என்றா. மாஸ்டர்தான் எல்லாருக்கும் முன்னால் அச்செடுத்துக் கொடுத்தார். செவ்வாய் குற்றம். சம்பந்தம் குழம்பியது மட்டுமில்லை, குற்றத்தை மறைத்து மகளைத் தள்ளப் பார்த்தவர் என்று பஞ்சலிங்கத்தாருக்குப் பெயரும் விழுந்தது. அதற்குப் பிறகு ஒரு புறோக்கரும் அந்தப் படலையைத் திறக்கவில்லை.

அடுத்த நாள் ரியூட்டரியில் பிழையைச் சரிப்படுத்தி, அருந்ததியின் சாதகத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்; குற்றம் இல்லை. பெயர் போடவேண்டிய இடத்தில் விரல் நின்றுவிட்டது. வெறுமையாக விட்டுவிட்டுக் கொக்குவிலுக்குச் சைக்கிளை மிதித்தார்.

"கொழும்பாலை வந்த புறோகிராமிலை ஒரு சின்னப் பிழை," என்று தொடங்கினார். இனாமாகத் தந்த மனுசனின் தலையிலேயே பழியைக் கட்டினதை நினைக்க அவருக்கே காது சுட்டது.

"கொழும்பாலையோ?" ஞானாம்பிகை விடவில்லை. "நீங்கள் திருத்தினதெண்டு ரவுண் முழுக்கச் சொல்லித் திரிஞ்சியளே மாஸ்டர்?"

"ஓம்... என்ரை திருத்தம்தான் பிழை. அந்தப் பிள்ளைக்கு ஒரு குற்றமும் இல்லை."

கதிரவேலர் தொண்டையைச் செருமினார். "நல்லதுதான். ஆனால் மகனுக்குக் கோண்டாவிலிலை வேறை சம்பந்தம் முற்றாக்கிப் போட்டம்."

இனி வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஒருவரும் கேட்கப்போவதில்லை. ஆனால் குற்றக்காரி என்ற பெயரோடு அந்தப் பிள்ளை எத்தனை காலம் இருக்கும்? இணுவிலுக்குத் திரும்பின மாஸ்டர், பஞ்சலிங்கத்தார் வீட்டுப் படலைக்குள் நுழைந்து அதைக் கவனமாகச் சாத்திவிட்டுத்தான், தாழ்ந்த குரலில், நடந்ததைச் சொன்னார். பஞ்சலிங்கத்தார் வாழைப் பாத்திக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்த மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு மகளைப் பார்த்தார்.

அருந்ததி கத்தவில்லை. "எல்லாருக்கும் முன்னாலை நிண்டு அச்செடுத்துக் குடுத்தனீங்கள் மாஸ்டர். இப்ப படலையைச் சாத்திப்போட்டு வந்து காதுக்குள்ளை சொல்லுறியள்."

மாஸ்டரின் பார்வை நிலத்துக்குப் போனது. பிறகு போய்ப் படலையை அகலத் திறந்தார். ஒழுங்கையில் அவருடைய சைக்கிளைக் கண்ட உடனேயே வேலிகளுக்கு மேலால் தலைகள் முளைத்திருந்தன.

"அருந்ததிக்குச் செவ்வாய் குற்றம் இல்லை," என்றார். "நான்தான் பிழை விட்டனான். என்னட்டைப் பிளொப்பி வாங்கின ஆக்களுக்கும் சொல்லிவிடுங்கோ."

"ஆ? கேக்கேல்லை மாஸ்டர்," என்றா எதிர் வேலித் தங்கமுத்து. ஒரு சொல் விடாமல் கேட்டவ.

மாஸ்டர் தொண்டையைச் சரிப்படுத்தி, இன்னும் உரத்துச் சொன்னார்.