எஃப் எழுத்துக்குப் பின்னால்

"உனக்கு என்ன வேணும்னாலும் எங்கிட்ட கேளு நிகத். மனசுல வெச்சுக்காத."

"எனக்கு என்னங்க வேணும்? எல்லாம்தான் இருக்கே."

"சும்மா சொல்லாத. ஏதாவது ஒண்ணு கேளு."

"சரி, ஃபேனைக் கொஞ்சம் குறைங்க."

கல்யாணமான புதிதில் உஸ்மானும் அவளும் பேசிக்கொண்டது இது. உஸ்மான் அன்று விழுந்து விழுந்து சிரித்தான். மறுநாள் காலை தன் அம்மாவிடமும் தம்பியிடமும் சொல்லிச் சிரிக்க வைத்தான். நாலு வருஷம் ஓடிவிட்டது. இன்றைக்கும் அஸ்தினாபுரம் வீட்டில் நிகத் என்றால் எதுவுமே கேட்காத மருமகள். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. பிடித்த பெயரைக் கெடுத்துக்கொள்ள மனம் வராமல், கேட்க வேண்டிய ஒன்றை அவள் தொண்டையிலேயே வைத்திருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் அதையெல்லாம் நினைக்கவில்லை. அவள் கவலை வேறு. ஹாலில் இருந்த கம்ப்யூட்டர் ஏதோ பெரிய அப்டேட்டைப் போட்டு முடித்துத் திரும்ப எழுந்திருந்தது. அவளுடைய எக்ஸ்டர்னல் டிரைவைச் செருகினாள். நீல விளக்கு எரிந்தது. செருகியதற்கான சத்தமும் கேட்டது. ஆனால் திரையில் டிரைவ் இல்லை.

இது முதல் தடவை இல்லை. முன்பும் இரண்டு அப்டேட்டுக்குப் பிறகு இப்படித்தான் காணாமல் போனது. ஒரு தடவை ஒயரை மாற்றினாள். இன்னொரு தடவை குரோம்பேட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் சின்னப்பனிடம் கொடுத்தனுப்பினாள். இரண்டு தடவையும் எப்படியோ திரும்பி வந்தது, ஏன் போனது என்று மட்டும் தெரியவில்லை.

அந்தச் சின்னப் பெட்டிக்குள்தான் அவள் தொழில் முழுவதும் இருந்தது. பல்லாவரத்தில் ஒரு அச்சகத்துக்கு அவள் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக் கொடுத்தாள். அப்துல் ரசாக் என்பவர் வீட்டுப் பத்திரிகை இன்று சாயங்காலம் அச்சுக்குப் போக வேண்டும். "இதுவும் லேட்டானா வேற ஆளைப் பார்த்துக்கறோம்மா" என்று அச்சகத்தில் காலையிலேயே சொல்லியிருந்தார்கள்.

சின்னப்பனுக்குப் போன் போட்டாள்.

"டிரைவ் நல்லாத்தான் கீதும்மா. நம்ம மெஷின்ல போட்டா டக்குனு வருது. உங்க சிஸ்டம்தான் கண்டுக்க மாட்டேங்குது. ரொம்ப பேஜாரா இருந்தா ஃபார்மேட் பண்ணிடும்மா."

"ஐயோ அண்ணா, உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சுடும்!"

"அத்த சொல்லு மொதல்ல. அப்போ மை கம்ப்யூட்டர்ல மேனேஜ்னு ஒண்ணு கீது பாரு, அதுக்குள்ள போயி டிஸ்க் மேனேஜ்மென்ட்ட தொற. அங்க கீதா, இல்லையா, அத்த மட்டும் பாரு. வேற எதையும் தொட்ராத."

திறந்தாள். இருந்தது. அவள் டிரைவ் எந்தக் குறையும் இல்லாமல், முழு அளவோடு அங்கே உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு டிரைவுக்கும் கம்ப்யூட்டர் கொடுக்கும் அடையாள எழுத்துகூடப் பக்கத்தில் போட்டிருந்தது: எஃப்.

நம்ப முடியாமல் மை கம்ப்யூட்டருக்குத் திரும்பி வந்து எஃப்பைத் தேடினாள். அங்கேயும் ஒரு எஃப் இருந்தது. திறந்தால் வரிசையாகச் சினிமாப் படங்கள்.

"முதாசிர்! கொஞ்சம் இங்க வா."

கொழுந்தன் காதில் மாட்டிய ஹெட்போனோடு தன் அறையிலிருந்து வந்தான். திரையைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"இது என் சிஸ்டத்து ஃபோல்டர் அண்ணி. ஹால்ல உக்காந்தே படம் பார்க்கலாம்னு நெட்வொர்க்ல கனெக்ஷன் குடுத்து வெச்சேன். எஃப் காலியா இருந்துச்சு, போட்டுட்டேன்."

"எப்ப?"

"ரம்ஜான் லீவுல."

அவள் டிரைவ் முதலில் காணாமல் போனது அதற்குப் பிறகுதான்.

முதாசிர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அப்டேட் ஆனா இது பழசை மறந்துடுது அண்ணி. உங்க டிரைவைப் புதுசுன்னு நினைச்சு, வரிசையில அடுத்த எழுத்தைக் குடுத்துடுது. அங்க என் படம் இருக்கறது அதுக்குத் தெரியல. உங்களுது எங்கயும் போகல, என்னுதுக்குப் பின்னாடி நிக்குது."

"நீ போடும்போது என் டிரைவ் இங்க இல்லையா?"

"நீங்கதான் எப்பப் பார்த்தாலும் பிடுங்கி பீரோவுல வெச்சுடறீங்களே! யாராவது பெல் அடிச்சா முதல்ல டிரைவ், அப்புறம் நீங்க. ரெண்டு பேரும் உள்ள ஓடிடறீங்க."

அவன் கேலியாகத்தான் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

உஸ்மானுக்குத் தோல் வியாபாரம். பர்ஸ், பெல்ட் வாங்குகிறவர்கள் வீட்டுக்கே வருவார்கள். ஆண்கள் வந்து ஹாலில் உட்கார்ந்தால் அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள். போ என்று யாரும் சொன்னதில்லை. அந்த வீட்டில் மாமியார் பஷீராவும் அப்படித்தான், இவளும் அப்படித்தான். பாதியில் நின்ற வேலை பாதியிலேயே நிற்கும். மாடியில் ஒரு அறை இருந்தது. கல்யாணத்தின்போது காலியாக இருந்தது. அப்போதே தன் கம்ப்யூட்டரை அங்கே வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள், சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தபோதே உஸ்மானின் சரக்கு மூட்டைகள் ஒவ்வொன்றாக மேலே ஏறின.

"இப்ப உங்களுதுக்கு வேற எழுத்து குடுத்துடவா அண்ணி?"

"அடுத்த அப்டேட்ல மறுபடி மறந்துடுமே?"

"மறக்கலாம்." தலையைச் சொறிந்தான். "சரி விடுங்க, நானே எடுத்துடறேன். நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே எடுத்திருப்பேன். காலியா இருக்குன்னுதான் போட்டேன். வேணும்னு யாரும் சொல்லலையே."

அவன் தன் கனெக்ஷனை நீக்கி, டிரைவைக் கழற்றி மறுபடி செருகினான். திரையில் அவள் டிரைவ் வந்து நின்றது. ரசாக் வீட்டுப் பத்திரிகை, பச்சை ஓரமும் பிறை நிலவுமாக, அவள் விட்ட இடத்திலேயே இருந்தது. எழுத்துகளை ஒருமுறை சரிபார்த்து அச்சகத்துக்கு மெயில் அனுப்ப ஆரம்பித்தாள். அது மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

யாரும் சொல்லலையே. அந்த வார்த்தை மட்டும் காதை விட்டுப் போகவில்லை.

கேட் சத்தம் கேட்டது. உஸ்மான் பல்லாவரம் சந்தையிலிருந்து இரண்டு பை நிறையக் காய்கறியோடு உள்ளே வந்தான். செருப்பைக் கழற்றும்போதே சொன்னான்: "நிகத், ஆம்பூர்ல இருந்து ஒருத்தர் வர்றாரு. தெருமுனையில டீ குடிச்சுட்டு இருக்காரு. கொஞ்சம் இதை ஒழிச்சுடேன்."

அவள் கை பழக்கத்தில் ஒயர் பக்கம் போனது.

"பிடுங்காதீங்க அண்ணி, மெயில் போய்ட்டிருக்கு!" என்றான் முதாசிர்.

கையை எடுத்துக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை. உஸ்மான் பைகளோடு அப்படியே நின்றான். நாலு வருஷத்தில் அவள் எழுந்திருக்காமல் இருந்து அவன் பார்த்ததில்லை.

"என்ன நிகத்? உடம்பு சரியில்லையா?"

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

உஸ்மான் முகத்தில் பழைய சிரிப்பு எட்டிப்பார்த்தது. "என்ன, ஃபேனைக் குறைக்கணுமா?"

"இல்லங்க." நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள். "மாடி ரூம்ல இருக்கற உங்க சரக்கையெல்லாம் எடுத்துடுங்க. அந்த ரூம் எனக்கு வேணும்."