முதல் போசி

விடிய இன்னும் நேரமிருந்தது. மயிலாத்தாள் போசியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு பால் பீய்ச்சினாள். நேற்றெல்லாம் கரும்பு வெட்டிய கை. விரலை மடக்கும்போது மணிக்கட்டு சுரீர் என்றது. ஒற்றை மாடு, நாலு லிட்டர் பால். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்த்தவளில்லை. ஆனால் பால் கம்பெனி தை மாதம் இறக்கிய கரண்டுப் பெட்டி, மூன்று நாளாக அவளைத் தண்ணிக்காரி ஆக்கிவிட்டது.

துளிப் பாலை உறிஞ்சி, கொழுப்பு எவ்வளவென்று சிவப்பு எண்ணில் காட்டும் பெட்டி அது. இன்றைக்கும் மூன்றரைக்குக் கீழே போனால் பால் ஊற்றும் அட்டையைக் கிழிப்பேன் என்றிருந்தார் ஏஜென்ட் பொங்கியண்ணன். அட்டை போனால் மாட்டை விற்க வேண்டியதுதான்.

கரும்புக் காட்டுக்கு ஓட வேண்டியவள். அதனால் வெட்டு தொடங்கிய இந்த மூன்று நாளும் வரிசையில் முதல் ஆள். இன்றைக்கும் பால் ஊற்றும் இடத்தில் அவள்தான் முன்னால் நிற்க, பொங்கியண்ணன் பெட்டியின் சுவிட்சைப் போட்டார்.

"ஏனுங்க, இன்னைக்கு வேற யாராச்சும் மொதல்ல ஊத்தட்டுங்க. மூணு நாளும் மொதப் பாலு என்னுதுதானுங்க."

"மிசினு ஆளப் பாத்தா காட்டுது? ஊத்து புள்ள."

பின்னாலிருந்து தோட்டத்துக்காரி குழந்தையம்மாள் முன்னே வந்தாள். மயிலாத்தாளை வாசலுக்கு வெளியே நிறுத்தியே பழகியவள்.

"என்னுத ஊத்துங்க தம்பி. எருமப் பாலு, ஆறுக்குக் கொறஞ்சதில்லைங்களே."

பெட்டி நாலு புள்ளி ஒன்று காட்டியது.

"எருமையே தண்ணி கலக்குதுங்களா தம்பி?"

அடுத்து மயிலாத்தாளின் பால்: நாலு. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சரி, மொதப் பாலுக்குத்தான் பொட்டி கொறச்சுக் காட்டுதாட்ட இருக்குது. அட்டை இருக்கட்டும்," என்றார் பொங்கியண்ணன். "ஆனா காட்டுன நம்பருதான் கம்பெனிக்குப் போகும். நாளைக்கு மொதல்ல யாரு நிக்கறீங்களோ, அது அவுங்க பாடு."

மயிலாத்தாள் தப்பித்துவிட்டாள். பேசாமல் காட்டுக்குப் போயிருக்கலாம். போக மனம் வரவில்லை.

"பொட்டி வேண்டாங்கலீங்க. கம்பெனி ஆளு வந்து, எங்க கண்ணு முன்னால சரி பண்ணட்டுங்க. அதுவரைக்கும் மொத ஆளு யாருமில்லீங்க."

குழந்தையம்மாள் இன்னும் கேனில் ஊற்றாத தன் போசியை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றாள். மற்றவர்களும் ஒவ்வொருத்தியாகப் போசியோடு வரிசையை விட்டு விலகினார்கள். வெளியே கம்பெனியின் பால் வேன் ஹாரன் அடித்தது.

"இத்தன பாலையும் என்ன பண்ணுவீங்க?" என்றார் பொங்கியண்ணன்.

சாயங்காலமும் மாடு கறக்குமே, அந்தப் பாலும் விற்காதே என்ற பயம் மயிலாத்தாளுக்கு இருந்தது.

"எம்புள்ளைக மூணு வருசமா வரக்காப்பிதான் குடிக்குதுங்க. இன்னைக்குப் பாலு குடிக்கட்டுமுங்க," என்றாள்.