எல்போவின் அடிப்பக்கம்

படகோட்டிக்குத் தன் மனைவியின் தலைவலி வெறும் நாடகம்தான். சரக்குப் படகே அவர்களுக்கு வீடு. இன்ஜின் ஓடினால் அறையில் படுத்திருப்பவளுக்குத் தலை விண்விண்ணென்று தெறிக்கும், குமட்டும். கரையில் கால் வைத்த கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். "படகுன்னா வலிக்குது, கடைவீதின்னா வலிக்கலை, பார்த்தியா!" என்று நாலு மாதமாகக் குத்திக்காட்டிக்கொண்டிருந்தான். நல்ல வாய்! வெளியே காற்றோட்டமாக நின்று ஸ்டியரிங் பிடிக்கிறவனுக்கு என்ன கேடு?

கடைசியில் அவள் பெட்டியைக் கட்டிவிட்டாள். இனி தங்கையோடுதான் இருக்கப்போகிறாளாம். அழைத்துப்போக வந்த அந்தத் தங்கை, படகு மெக்கானிக்.

"வந்ததுதான் வந்தே, அந்த எல்போவை மாத்திக் கொடுத்துட்டுப் போயேன். தண்ணி கசியுது, புதுசு வாங்கி வெச்சிருக்கேன்" என்றான் படகோட்டி, கொஞ்சமும் கூசாமல்.

"எங்க அக்கா போறது பரவாயில்ல, எல்போ கசியறதுதான் கவலையா மாமா?" என்று கேட்டுக்கொண்டே அவள் ஸ்பேனரை எடுத்தாள்.

இன்ஜினின் புகை வெளியேறும் இரும்பு வளைவுதான் எல்போ. கொதிக்கும் புகையும் அதைத் தணிக்கும் கடல்நீரும் அதற்குள்தான் சந்திக்கின்றன. மேலிருந்து பார்த்தால் புதுசு மாதிரி இருந்தது. வருஷாவருஷம் பெயிண்ட் அடிக்கிறானே! நட்டுகள்தான் அசையவே மாட்டேன் என்றன. எண்ணெய் விட்டு, சூடு காட்டி, ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகு எல்போ கையோடு வந்தது. திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கத்தில் விரல் நுழையும் ஓட்டை. ஸ்க்ரூடிரைவரால் தட்டினாள், சுற்றியிருந்த இரும்பு பிஸ்கட்டாய் உதிர்ந்தது.

"மாமா, பின்னாடி டார்ச் அடிங்க."

பின்னாலிருந்த மரத்தடுப்பு ஒரு முழத்துக்குக் கரியேறிக் கிடந்தது. நடுவே, பலகைகளுக்கு இடையில் ஓர் இடுக்கு. டார்ச்சை அங்கேயே வைத்துவிட்டு அவன் சுற்றிக்கொண்டு தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்த அறைக்குள் போனான். இடுக்கு வழியாக வந்த வெளிச்சம் நேராக மனைவியின் தலையணை மேல் விழுந்திருந்தது.

ஐயோ! இத்தனை பயணமும் விஷப்புகை இந்த இடுக்கு வழியாக அவள் மூக்குக்கே போயிருக்கிறது. ஒரே ஒரு நாள் ஜன்னலை இறுக்கிச் சாத்தியிருந்தால் கதை முடிந்திருக்கும். அவள் உயிரோடிருப்பது எவ்வளவு பெரிய அதிசயம் என்று நினைக்க நினைக்க அவனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மேல்தளத்தில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தவளைப் படியிலிருந்து எட்டிப் பார்த்தான். மூச்சு விடுகிறாள், கொட்டாவி விடுகிறாள், என்ன பாக்கியம்!

தங்கை, மூட்டில் கசிவைத் தடுக்கும் தகடான பழைய கேஸ்கெட்டைச் சுரண்டியெடுத்தாள். புதியதன் இருபுறமும் பசையை மெல்லிசாகத் தடவினாள். "அப்பித்தள்ளினா உள்ள வழிஞ்சு தண்ணி வழியை அடைச்சிடும்" என்றாள். புது எல்போவைப் பொருத்தி, நட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சங் கொஞ்சமாக முறுக்கினாள். பலகை இடுக்கையும் அடைத்தாள். பசை இறுகியதும் இன்ஜினை ஓட்டிச் சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடி ஒரு முறுக்கு. திரும்ப ஓடவிட்டு, வெள்ளைத் துணியைக் கம்பியில் சுற்றி எல்போ மூட்டின் எல்லாப் பக்கமும் காட்டினாள். கரி ஒட்டவில்லை. அந்தப் பக்கம் நெருப்புப் புகை, இந்தப் பக்கம் மனுஷ உயிர், நடுவே ஒரு தகடு! படகோட்டிக்குக் கைகூப்பத் தோன்றியது.

மனைவியிடம் போனான். "மன்னிச்சிடும்மா. நீ நடிக்கலை."

"நீங்க சொல்லிச் சொல்லி, நான் நடிக்கிறேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு" என்றாள் அவள். "வலி மண்டையைப் பிளக்கும். அப்பவும், நிஜமா வலிக்குதான்னு என்னையே கேட்டுக்குவேன்."

அவள் எழுந்து ஸ்டியரிங் பக்கம் போனாள்.

"அக்கரைக்குப் போய்ட்டு வரலாம். ஸ்டியரிங்கை நான் பிடிக்கிறேன், நீங்க போய் என் இடத்துல படுங்க. நான் இருக்கறதா போறதான்னு வந்து பேசிக்கலாம்."

விஷவாயு பட்டால் அலறும் கருவி ஒன்றைத் தங்கை தலைமாட்டில் மாட்டிவிட்டுக் கரையில் இறங்கிக்கொண்டாள். இன்ஜின் காதோரம் தடதடத்தது. நாலு மாதம் அவள் மூச்சு விட்ட இடத்தில், போகவர ஒரு மணி நேரமும், அவன் கண்ணை மூடாமல் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தான்.