பல்லால் இழுத்த முடிச்சு

பதிவு அலுவலகத்துக்குப் புது எழுத்தராக அவள் வந்த அன்று, தலைமை எழுத்தர் எழுந்து தன் நாற்காலியையே கொடுத்தார். கண் தெரியாதவளுக்குச் செய்யும் மரியாதை அதுதான் என்பது அவர் எண்ணம். மனிதர் அவ்வளவு நல்லவர். மேசையில் ஈ உட்கார்ந்தாலும் விரட்டமாட்டார், கோப்பை நகர்த்தி இடம் கொடுப்பார்.

"நீ ஒரு வேலையும் செய்ய வேண்டாம்மா. வா, உக்காரு, போ. சம்பளம் தானா வரும்."

"ஆறு மாசம் கழிச்சு மேலதிகாரி வந்து என்ன வேலை செஞ்சேன்னு கேப்பாரே சார். உக்காந்தேன்னு சொன்னா நிரந்தரம் பண்ணுவாரா, வீட்டுக்கு அனுப்புவாரா?"

தலைமை எழுத்தர் அதுவரை அந்தத் திசையில் யோசித்ததில்லை.

வீட்டில், தையல்காரக் கணவன் சிரித்தான். "சும்மா உக்கார்றதுக்கா பரீட்சையில மூணாவதா வந்த? அதுக்கு நான் போயிருப்பேனே."

எட்டாம் நாள் அவள் ஆவண அறைக்குள் நுழைந்துவிட்டாள். அந்த அறையைப் பற்றிச் சொன்னால் நம்பமாட்டீர்கள். உள்ளே போன எலிகள் வெளியே வர வழி தெரியாமல் அங்கேயே பேரன் பேத்தி எடுத்திருந்தன. முந்தின மழையில் கூரை ஒழுகி, கட்டுகளின் மேல் ஒட்டிய சீட்டுகளில் மை கரைந்து, ஊர் நிலமெல்லாம் ஒரே நீலமாகிவிட்டது. கண்ணுள்ளவர்கள் ஒரு கட்டைத் தேட இரண்டு நாள் ஆகும், அதுவும் கிடைத்தால்.

அவள் சீட்டை விட்டுவிட்டுக் கயிற்றைத் தொட்டாள். முப்பது வருடத்தில் ஐந்து எழுத்தர்கள் அங்கே கட்டுக் கட்டியிருந்தார்கள். ஐந்து பேருக்கும் ஐந்து முடிச்சு. ஒருவர் இரட்டைச் சுருக்குப் போடுவார். ஒருவர் மாட்டைக் கட்டுவதுபோல் இறுக்குவார். இடதுகைக்காரர் ஒருவரின் முடிச்சு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். யார் எந்தக் காலம் என்று பழைய பியூன் சொன்னார். கயிறு நைந்த அளவை வைத்து அவள் வருடம் பிரித்தாள். ஐந்தே மாதத்தில் அறை அவள் விரலுக்குள் வந்துவிட்டது.

மேலதிகாரி வந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி, பியூன் கொண்டுவந்த சூடான தேநீருக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தார். "பத்தொன்பது வருஷத்துக்கு முந்தின குளத்தங்கரைப் பத்திரம். எடுத்துட்டு வாங்க."

தலைமை எழுத்தர் தானே தேடப் போக எழுந்தார். இடதுகைக்காரர் காலம் என்று அவள் நேரே போய் ஒரு கட்டை எடுத்து வந்தாள். மேலதிகாரி பிரித்துப் பார்த்தார்.

"இது அடுத்த வருஷத்தோடது." பேனா மூடியைத் திருகினார்.

அவள் பியூன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, அந்த வருஷம் இடதுகை சாருக்கு என்ன ஆச்சு? ஒரு முடிச்சுகூடக் காணோமே."

"சைக்கிள்ல விழுந்து கைய உடைச்சுக்கிட்டாரும்மா. மாவுக்கட்டு பிரிச்ச அன்னிக்கே மறுபடி விழுந்தார். வருஷம் பூரா கட்டோடதான் வந்தார்."

அவள் மறுபடி உள்ளே போனாள். எலி கடித்தவை என்று மூலையில் ஒதுக்கி வைத்திருந்த கட்டுகளைத் தடவினாள். கயிற்று முனைகள் ஒரே மாதிரி, ஒரே இடத்தில் நசுங்கியிருந்தன. எந்த எலிக்கும் அவ்வளவு ஒழுங்கு கிடையாது.

அந்தக் கட்டுகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தாள். "எலின்னு நினைச்சேன் சார். எலி இல்ல, எழுத்தர். ஒத்தக் கையால கட்டி, பல்லால இழுத்திருக்கார்."

மேலதிகாரி பிரித்த இரண்டாவது கட்டுக்குள் இருந்தது குளத்தங்கரைப் பத்திரம். மேலதிகாரியின் தேநீரில் இன்னும் ஆவி பறந்தது.

"கண்ணு தெரியாம எப்படிம்மா..."

"அவர் ஒத்தக் கையோட வருஷம் பூரா வேலை பார்த்தார் சார். எப்படின்னு யாரும் கேக்கல. கை போதாதுன்னு பல்லைச் சேர்த்துக்கிட்டார். நான் விரலைச் சேர்த்துக்கிட்டேன்."

மேலதிகாரி எழுதினார். 'செய்த வேலை' என்ற கட்டத்தில் இடம் போதாமல் தாளைத் திருப்பியும் எழுதினார். கடைசி வரி, நிரந்தரம். அதை வாசித்துக் காட்டிய தலைமை எழுத்தர், பரீட்சையில் தானே தேறியதுபோல் பெருமையாகச் செருமிக்கொண்டார்.

மேலதிகாரி கட்டைத் திரும்பக் கட்டப் போனார்.

"விடுங்க சார்," என்றாள் அவள். "உங்க முடிச்சு இந்த அறைக்குப் பழக்கமில்ல."

கயிற்றை வாங்கி, அந்த அறையின் ஆறாவது முடிச்சைப் போட்டாள்.