வெள்ளைத் துணி விழுந்த இடம்

கண்டியில் வண்டிப்பேட்டையின் நடுவே ஐம்பதடி இரும்பு விளக்குக் கம்பம் எழும்பிய நாளிலிருந்தே ஸெய்னுலாப்தீன் முதலாளிக்கு மனம் சரியில்லை. கம்பத்துக்குக் கிட்ட அவருடைய புடவைக் கடை. எதிர்க் கோடியில் ஜமால்தீனின் புடவைக் கடை. சனிக்கிழமை மாலை கலஹாத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் கூட்டம் வெளிச்சமுள்ள வாசலில்தான் நுழையும். அந்த ஒரு மாலை வியாபாரத்தில்தான் அவர் வீட்டு அடுப்பு ஒரு கிழமை முழுக்க எரிந்தது.

விளக்குப் பொருத்தும் வேலையை மேற்பார்க்க வந்த ஓவசியர் வரதராசா யாழ்ப்பாணத்தார். அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு வெள்ளைத் துணியைக் கொண்டுபோய் ஜமால்தீனின் வாசலில் விரித்து, மூலைக்கொரு கல் வைத்தார்.

"அங்க என்னத்துக்கு ஐயா துணி?"

"மேல நிக்கிற லெட்சுமணன் அதைப் பாத்துத்தான் விளக்கைத் திருப்புவான், முதலாளி. தூரத்துக்கு ஒடுங்கின வெளிச்சம். கிட்ட இருக்கிற உங்களுக்குப் பரந்த வெளிச்சம். அதுக்கு வேற விளக்கு."

முதலாளி நம்பவில்லை. முந்தின நாள் ஜமால்தீன் வீட்டிலிருந்து ஒரு சட்டி வட்டிலப்பம் போனதை அவர் கண்ணாலே கண்டிருந்தார். யார் வீட்டுக்குப் போனதென்று தெரியாது. விசாரிக்கத் தேவையுமில்லை, ஓவசியருக்குத்தான் என்று நினைத்தார்.

ஓவசியர் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் துணி முதலாளியின் வாசலுக்கு வந்தது. கற்களும் வந்தன. லெட்சுமணன் மேலேயிருந்து பார்த்தான், விளக்கைக் குனித்தான், இறுக்கினான். பிறகு துணி பழைய இடத்துக்கே போய்விட்டது.

சனிக்கிழமை பொழுதுபட விளக்கு எரிந்தது. தூரத்துக்கென்று இருந்த ஒடுங்கின வெளிச்சம் முதலாளியின் கடை வாசலில் பாறை மாதிரி விழுந்தது. வழக்கமாக வரும் வீரையா நெற்றியில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"என்னங்க முதலாளி, சூரியனையே எறக்கிட்டீங்களா? இது பச்சையா நீலமான்னே தெரியலையே!"

கூட்டம் இருட்டுக் கோடிக்கு நடந்தது. அங்கே ஜமால்தீன் ஒரு பெற்றோமாக்ஸைத் தொங்கவிட்டிருந்தார்.

திங்கட்கிழமை முதலாளி ஓவசியரைத் தேடிப் போனார். "விளக்குப் பிழைச்சுப் போச்சு, ஐயா."

"துணி விரிச்ச இடம் பிழைக்காதே." வரதராசா அவரை உற்றுப் பார்த்தார். "துணி நடந்ததோ?"

"நான்தான் நடத்தினன்."

"ஓம், அப்ப நீங்களே திருப்பிக் கொண்டுபோய் விரியுங்கோ."

பேட்டை முழுக்கப் பார்த்திருக்க, முதலாளி துணியைச் சுமந்துபோய் எதிர்வாசலில் விரித்தார். முதலாளியை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் ஜமால்தீன் வெளியே வந்தார்.

"நானா, எங்கட வாசல்ல என்ன வேல?"

"உங்களுக்கு வெளிச்சம் வரத்தான்."

ஜமால்தீன் கம்பத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு கதிரையைத் தூக்கிவந்து துணிக்குப் பக்கத்தில் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு காவலுக்கு உட்கார்ந்தார்.

முதலாளிக்கு மூச்சு வந்தது. இந்த முறை துணி நகராது.